பத்தியம் முறிக்கிற நாள்

“சோறு துன்றதுக்கு இன்னாத்துக்குடி காலேஜு? வாய் கீறவன் துன்னப்போறான்.”

சென்னையில் உணவியல் படிக்க எனக்கு இடம் கிடைத்துவிட்டது என்று சொன்ன அன்று என் அத்தை கேட்டது இது. அவள் நைனாவின் அக்கா. அப்போதுதான் ஏரியிலிருந்து கரையேறியிருந்தாள். எங்கள் குப்பத்துப் பெண்கள் பழவேற்காடு ஏரியில் இறங்கிக் கையால் இறால் பிடிப்பவர்கள். இரண்டு கைகளும் சேற்றைத் துழாவ வேண்டும் என்பதால், பிடித்த இறாலைப் போட்டுக்கொள்ளும் பனையோலைப் பறியைப் பல்லில் கடித்துத் தொங்கவிட்டுக்கொள்வார்கள். அத்தை அந்தப் பறியை வாயிலிருந்து எடுத்ததே இதைக் கேட்பதற்குத்தான் என்று எனக்குத் தோன்றியது. சுற்றியிருந்த பெண்கள் சிரித்தார்கள். என் அம்மாவும் கொஞ்சம் சிரித்தாள்.

எங்கள் வீட்டில் எனக்கு முன்னால் யாரும் பள்ளிக்கூடத்துக்குப் போனதில்லை. அம்மா இன்றும் கைநாட்டு. அதனால் அந்தச் சிரிப்பு என் மேல் ஒட்டிக்கொண்டது. கல்லூரிக்குப் போய்வந்த ரயிலில், தேர்வு அறையில், முதல் சம்பளம் வாங்கிய நாளில்கூட, அத்தைக்கு ஒரு பதில் பாக்கி இருக்கிறது என்ற நினைப்பு உள்ளே ஓடிக்கொண்டே இருந்தது. வாயால் சொல்லும் பதில் போதாது. ஊரே பார்க்கும்படி, பெரிதாக ஏதாவது வேண்டும்.

பொன்னேரியில் ஒரு மருத்துவமனையில் வேலைக்குச் சேர்ந்த பிறகு, எங்கள் ஊர்ப் பெண்களையே நோயாளிகளாகப் பார்க்க ஆரம்பித்தேன். எல்லோருக்கும் சர்க்கரை. ஏரிக்குள் கிளிஞ்சல் காலைக் கிழிக்கும், கிழிந்த காலோடு மறுநாளும் தண்ணீரில் இறங்குவார்கள், புண் ஆறாது. பக்கத்துக் குப்பத்துப் பெண் ஒருத்திக்குக் கட்டைவிரலை எடுக்க வேண்டியதாகிவிட்டது. நான் சாப்பாட்டு அட்டவணை எழுதிக் கொடுப்பேன். தலையாட்டி வாங்கி, நான்காக மடித்துச் சுருக்குப் பையில் வைத்துக்கொண்டு போவார்கள். அதற்குப் பிறகு அந்த அட்டவணையை ஏரிதான் படித்திருக்க வேண்டும்.

அவர்களால் மருத்துவமனை நேரத்துக்கு வர முடியாது என்று தெரிந்ததும், என் விடுமுறை நாட்களில் நான் கரைக்குப் போனேன். அங்கே நின்று பார்த்தால் எல்லாம் கண்ணெதிரே கிடந்தது. விடியலில் தண்ணீரில் இறங்கும் முன் நாஷ்டா என்ற பெயரில் சர்க்கரை கொட்டிய டீயும் பன்னும். கரையேறியதும், பிடித்ததெல்லாம் வியாபாரியின் தராசுக்குப் போய்விடும். வீட்டில் குவித்த சோறும் மேலே ரசமும். நாளெல்லாம் இறாலைத் தொட்ட கையில் சாப்பிடும்போது இறால் இருக்காது.

நான் சொன்னது பெரிய விஷயம் இல்லை. தராசுக்குப் போகும் முன் பறியிலிருந்து ஒரு கைப்பிடி இறால் வீட்டுக்கு எடுத்துவையுங்கள். சோற்றைக் குறையுங்கள், கேழ்வரகும் முருங்கைக் கீரையும் சேருங்கள், டீக்குச் சர்க்கரை வேண்டாம். மூன்று மாதம் கழித்து ரத்தம் எடுத்துப் பார்ப்போம் என்றேன். ஒருத்தியும் அசையவில்லை. “சோத்து டாக்டரம்மா வந்துட்டாங்க, எல்லாரும் வாய மூடிக்கோங்கடி” என்று அத்தை சொல்ல, மறுபடியும் அதே சிரிப்பு.

அந்தச் சமயத்தில்தான் அத்தையின் குதிகாலில் கிளிஞ்சல் வெட்டியது. புண் ஆறவில்லை. பக்கத்துக் குப்பத்துப் பெண்ணின் கட்டைவிரல் அவள் கண் முன்னால் வந்திருக்க வேண்டும். ஒரு நாள் என்னிடம் வந்து, “அந்தப் பத்தியத்த இன்னொருவாட்டி சொல்லு” என்றாள். சொன்னேன். மறுநாளிலிருந்து கரை மாறிவிட்டது.

அத்தை ஒன்றைப் பிடித்தால் பிடித்ததுதான். வியாபாரியின் தராசுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு ஒவ்வொரு பறிக்குள்ளும் எட்டிப் பார்த்தாள். கைப்பிடி எடுக்காதவள் அன்று தப்பிக்க முடியாது. எடுத்தவளையும் விடவில்லை. “புருசனுக்கு எடுத்துவெச்சிட்டு நீ ரசம் குடிக்காத. சக்கரை உனுக்கா அவனுக்கா?” என்று கேட்பாள். டீக்கடைக்காரரிடம், எங்கள் பெண்கள் கேட்டாலும் சர்க்கரை போடக்கூடாது என்று சொல்லிவைத்தாள். போட்டால் நாங்கள் யாரும் இந்தப் பக்கமே வரமாட்டோம் என்றாளாம். பேஜாராகிவிட்டது என்று அவர் என்னிடம் புலம்பினார்.

மூன்று மாதம் முடிந்து எடுத்த ரத்தத்தின் முடிவுகள் வந்தபோது, எங்கள் துறைத் தலைவியான மேடம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். அநேகமாக எல்லோருக்கும் சர்க்கரை இறங்கியிருந்தது. அத்தையின் புண் மூடியிருந்தது. மாநில உணவியலாளர்கள் சங்கம் ஒன்று ஆண்டுதோறும் இளம் உணவியலாளர் ஒருவருக்குத் தலைமைப் பண்புக்கான விருது தருகிறது. மேடம் என்னிடம் கேட்காமலே என் பெயரை அனுப்பிவிட்டார். இன்னும் மூன்று மாதம் போல ஆனபின் பதில் வந்தது. இறுதிச் சுற்றுக்கு மூன்று பேர்; அதில் நான் ஒருத்தி. சென்னையில் மேடையேறி எங்கள் வேலையைப் பற்றிப் பேச வேண்டும். அங்கேயே நடுவர்கள் முடிவு சொல்வார்கள்.

அன்றைக்கு என்னால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. வார்டில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தேன். ஒரு நோயாளிக்குச் சொல்ல வேண்டியதை அடுத்த கட்டில்காரரிடம் சொன்னேன். மதியமே அனுமதி கேட்டுக்கொண்டு பேருந்து பிடித்தேன். திருப்பாலைவனத்தில் பேருந்து வெகுநேரம் நின்றது. இறங்கி ஓடலாமா என்றிருந்தது. அத்தைக்கான பதில் என் கையில் இருந்தது.

நான் பொன்னேரியில் அறை எடுத்துத் தங்கியிருந்தேன். ரத்த முடிவுகள் வந்த பிறகு கரைப் பக்கம் போவதை விட்டிருந்தேன்; ஊருக்கு வருவது ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும். அம்மா அப்போது கேழ்வரகுக் களி கிண்டி, கீரை கடைந்து வைத்திருப்பாள். இன்று ஞாயிறு இல்லை. வீட்டுக்குள் நுழைந்தபோது அம்மாவும் அத்தையும் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். தட்டில் சோறு பழையபடி குவிந்திருந்தது. பக்கத்தில் நண்டுக் குழம்பு; நண்டு இருந்துவிட்டுப் போகட்டும். அதற்குப் பக்கத்தில் ஆரஞ்சு நிறத்தில் ஒரு குளிர்பான பாட்டில், பாதி காலியாக.

அம்மாவுக்குக் கை அப்படியே நின்றது. “இன்னிக்கு ஏன் வந்த? களி கிண்டலையே” என்றாள்.

“எப்போலேந்து இப்படி?” என்று கேட்டேன்.

அம்மா அத்தையைப் பார்த்தாள். அத்தை நண்டுக் காலைக் கடித்து உறிஞ்சிவிட்டு, நிதானமாகச் சொன்னாள்.

“பத்தியம் முறிச்சாச்சு.”

“யாரு முறிக்கச் சொன்னது?”

“அதத்தான் நான் கேக்கணும். மருந்து குடுத்தவங்கதானே முறிக்கிற நாளச் சொல்லணும்? நீ ரத்தம் எடுத்துக்கினு போன, ஒண்ணும் சொல்லல. சின்னப் பொண்ணு, மறந்துட்டா போலன்னு நானே நாள் பாத்துச் சொல்ட்டேன். எல்லாரும் தலைக்கு ஊத்திக்கினு, ஒண்ணா ஆக்கித் துன்னு முறிச்சோம். ரத்தம் நல்லாத்தானே வந்துச்சு? புண்ணும் ஆறிப்போச்சு. அப்புறம் எதுக்கு?”

எங்கள் பக்கத்தில் நோய்க்குச் சாப்பிடுவது எல்லாமே பத்தியம்தான். பிரசவத்துக்கு, மஞ்சள் காமாலைக்கு, பூச்சிக் கடிக்கு. பத்தியம் என்றால் அதற்கு ஒரு முடிவு உண்டு. மருந்து கொடுத்தவர் நாள் சொல்வார். அன்று தலைக்குக் குளித்து, அதுவரை விலக்கிவைத்ததை முதல் கவளமாகச் சாப்பிட வேண்டும். உறவுக்காரர்களும் கூட உட்கார்ந்து சாப்பிடுவார்கள். முறிக்காமல் விட்டால் மருந்து உடம்பிலேயே நின்றுவிடும் என்பார்கள். பத்தியத்தைக் கடுமையாக வைத்துக்கொள்வதே அந்த நாளை நினைத்துத்தான். இதெல்லாம் எனக்குப் பிறந்ததிலிருந்து தெரியும். கல்லூரியில் படித்தது ஒரு பக்கமாகவும் இது இன்னொரு பக்கமாகவும் எனக்குள் இருந்திருக்கிறது. இரண்டும் அதுவரை ஒன்றையொன்று பார்த்ததே இல்லை.

“அப்போ ஞாயித்துக்கிழம களி?”

“அது உனுக்குப் புடிக்கும்னு கிண்டறது” என்றாள் அம்மா.

எனக்குச் சிரிப்பும் வந்தது, தட்டைத் தூக்கி எறியவும் தோன்றியது. இரண்டையும் செய்யாமல், வந்த செய்தியைச் சொன்னேன். எப்படியோ அதைச் சொல்லித்தானே ஆக வேண்டும். அத்தை உடனே கையைக் கழுவிக்கொண்டு வந்தாள். “மேடைல உன் பேரச் சொல்லுவாங்களா? நானும் வரேன்” என்றாள். அன்று சாயங்காலத்துக்குள் குப்பம் முழுவதும் தெரிந்துவிட்டது.

மறுநாள் மேடத்திடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டார்.

“ரத்தம் எடுத்த அன்னைக்கு வந்த அளவு பொய்யா?”

“இல்ல மேடம்.”

“அப்போ அதைச் சொல்லுங்க. அதுக்கப்புறம் அவங்க என்ன சாப்பிட்டாங்கங்கறது அடுத்த வேலை. எல்லாரும் மூணு மாசக் கணக்கைத்தான் காட்டுவாங்க. நீங்க மட்டும் ஏன் கிளறிட்டிருக்கீங்க?”

அவர் சொன்னதில் தவறு இல்லை. என் மேல் இருந்த அக்கறையில்தான் சொன்னார். ஆனால் எனக்குள் அது அடங்கவில்லை. மேடையில் நின்று, நான் இவர்களை வழிநடத்தினேன் என்று சொல்ல வேண்டும். அதைக் கேட்டுக்கொண்டு அத்தை எதிரில் உட்கார்ந்திருப்பாள், உடம்பில் மறுபடி ஏறிய சர்க்கரையோடு. எனக்கு அந்த விருது வேண்டும். இதை மறைத்துச் சொல்ல மாட்டேன். அதைப் போல நான் எதையும் ஆசைப்பட்டதில்லை. அத்தையின் காதில் என் பெயர் ஒலிபெருக்கி வழியாக விழ வேண்டும். அதே சமயம் அந்தக் குதிகாலும் என் கண்ணை விட்டுப் போகவில்லை.

பொறுக்க முடியாமல் பரிசோதனைக்கூடத்துப் பையனைக் கூட்டிக்கொண்டு கரைக்குப் போய் மறுபடியும் ரத்தம் எடுத்தேன். அத்தைதான் முதலில் கையை நீட்டினாள். “எத்தினி வாட்டிதான் எடுப்ப? எறாவுக்குக்கூட இவ்ளோ ரத்தம் கெடையாது” என்றாள். முடிவுகள் நான் பயந்தபடியே வந்தன. அநேகமாக எல்லோருக்கும் பழைய இடத்துக்கே ஏறியிருந்தது. அத்தைக்கு இன்னும் கொஞ்சம் மேலே.

அந்த முடிவுகளை இரண்டாவது வரைபடமாக்கி என் பேச்சுக்கான படங்களோடு சேர்த்தேன். எடுத்துவிட்டேன். மறுபடி சேர்த்தேன். சாப்பிடும்போது எடுக்கலாம் என்று தோன்றும். கை கழுவும்போது இருக்கட்டும் என்று தோன்றும். அந்த நாட்களில் நோயாளிகளுக்கு நிதானமாகச் சாப்பிடச் சொல்லிவிட்டு, நான் நின்றபடியே விழுங்கிக்கொண்டிருந்தேன்.

விழாவுக்கு நைனா வரவில்லை. படகுக்கு ஆள் குறையும் என்றார். அம்மா, அத்தை, நான் மூவரும் பொன்னேரியில் ரயில் ஏறினோம். ரயிலில் உட்கார்ந்து மடிக்கணினியைத் திறந்து, அந்தப் படத்தைக் கடைசியாக ஒருமுறை நீக்கினேன். அத்தை ஜன்னலோரம் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு வெளியே பார்த்துவந்தாள். விழாவுக்கென்று எடுத்துக் கட்டியிருந்த புடவையின் ஓரத்துக்குக் கீழே குதிகால் தெரிந்தது. மூடிய தழும்பின் நடுவில் ஒரு வெடிப்பு, சிவப்பாக. நான் பார்ப்பதைப் பார்த்ததும் காலைக் கீழே இறக்கி இருக்கைக்கு அடியில் தள்ளிக்கொண்டாள். “ஏரித் தண்ணி” என்றாள், நான் கேட்காமலே.

படத்தைத் திரும்பச் சேர்த்தேன். அதற்குப் பிறகு மடிக்கணினியைத் திறக்கவில்லை.

மண்டபத்தில் குளிர் அதிகம். அத்தை முந்தானையைத் தோளைச் சுற்றி இழுத்துக்கொண்டு இரண்டாவது வரிசையில் உட்கார்ந்தாள். நான் முதல் படத்தைக் காட்டியபோது கைதட்டினார்கள். அத்தை திரும்பித் திரும்பி யார் யார் தட்டுகிறார்கள் என்று பார்த்தாள். பிறகு இரண்டாவது படம். பத்தியம் முறிப்பதைப் பற்றிச் சொன்னேன். அரங்கில் யாரோ இருமினார்கள். நடுவர்களில் மூத்தவராக இருந்த ஓர் அம்மையார், குரலில் கடுமை இல்லாமல்தான் கேட்டார்: “அப்படின்னா, உங்க முயற்சி நிலைக்கலைன்னு நீங்களே சொல்றீங்க?”

“இன்னும் நிலைக்கல மேடம்” என்றேன். இறங்கி வந்தேன்.

மதியச் சாப்பாட்டில் அத்தை தட்டோடு நின்று சுற்றிலும் பார்த்தாள். உணவியலாளர்கள் குலாப் ஜாமூனுக்கு வரிசையில் நின்றிருந்தார்கள்.

“இவங்கள்லாம் உன்னாட்டம் படிச்சவங்கதானே?”

“ஆமா அத்த.”

“ரெண்டு ரெண்டா எடுக்கறாங்க.”

அம்மா அவளை இடித்து அடக்கினாள். அன்று நான் சிரித்தது அந்த ஒரு தடவைதான்.

விருது சென்னையில் ஒரு பெரிய மருத்துவமனையில் வேலை செய்யும் இளைஞருக்குப் போனது. தீவிர சிகிச்சையில் இருப்பவர்களுக்குக் குழாய் வழியாகக் கொடுக்கும் உணவில் நல்ல வேலை செய்திருந்தார். நானும் கைதட்டினேன். விழாவுக்கு வந்திருந்த மேடம் என் தோளில் கை வைத்தார். படிக்கட்டில் இறங்கும்போது, “அந்த ரெண்டாவது படம் மட்டும்…” என்று ஆரம்பித்தவர், முடிக்கவில்லை.

திரும்பும் ரயிலில் அத்தை ஜன்னல் பக்கம் திரும்பியே உட்கார்ந்திருந்தாள். அனுப்பம்பட்டு தாண்டியதும் என் பக்கம் திரும்பினாள்.

“ரெண்டாவது படத்துல கோடு மேல ஏறுச்சே. அது நான்தானே?”

“எல்லாரும்தான் அத்த.”

“நானும்தானே. என் சக்கரையாலதான் உனுக்குக் குடுக்கலியா?”

“நான் காட்டினதாலதான்.”

“காட்டாம வுட்ருக்கலாமில்ல? நாங்க இன்னா, எழுந்து சொல்லவா போறோம்?”

“உன் கால் சொல்லும் அத்த.”

அவள் குனிந்து காலைப் பார்க்கவில்லை. புடவையைக் குதிகால் வரை இழுத்துவிட்டுக்கொண்டாள். பிறகு, “இந்தப் பத்தியத்துக்கு முறிப்பே கெடையாதா?” என்று கேட்டாள்.

“கெடையாது.”

“முறிப்பு இல்லாத பத்தியத்த எவடி புடிப்பா? நீ புடிப்பியா?”

பொன்னேரி வந்துவிட்டது. கூட்டத்தோடு இறங்கினோம். அவர்களை ஊர்ப் பேருந்தில் ஏற்றிவிட்டு என் அறைக்குப் போயிருக்கலாம். மறுநாள் வேலை இருந்தது. ஏனோ நானும் ஏறிக்கொண்டேன். திருப்பாலைவனம் வரை நின்றுகொண்டே போனேன். இடம் கிடைத்தும் உட்காரவில்லை. காலையில் நடுவர் கேட்டதும் இப்போது அத்தை கேட்டதும் ஒரே கேள்வி. இதை எத்தனை நாள் பிடிக்க முடியும்? நான் படித்ததில் இதற்குக் கிடைத்த பதில், விடாமல் கடைப்பிடிக்க வேண்டும் என்பது மட்டும். அதை அத்தையிடம் சொன்னால் பறியை வாயிலிருந்து எடுத்துவிட்டுச் சிரிப்பாள். அவள் சிரிப்பதிலும் நியாயம் உண்டு. மூன்று மாதம் ஒரு கரையையே கட்டி நிறுத்தியவள் அவள். முறிக்கிற நாள் ஒன்று கண்ணுக்குத் தெரிந்ததால் நிறுத்தினாள். அந்த நாளை எடுத்துவிட்டால் அவள் எதைக் காட்டி மற்றவர்களை மிரட்டுவாள்?

ஊரில் இறங்கும்போது கேட்டேன்.

“அத்த, மருந்து குடுத்தவங்கதானே நாள் சொல்லணும்? நான் சொல்றேன். மாசத்துக்கு ஒரு நாள். அன்னிக்கு மத்தியானம் ஒரு வேளை முறிச்சிக்கோங்க. மறுநாள் காத்தால அடுத்த பத்தியம் ஆரம்பம்.”

அத்தை யோசித்தாள். “தலைக்கு ஊத்திக்கலாமா?”

“ஊத்திக்கலாம்.”

“அந்த ஆரஞ்சு?”

“ஒரு கிளாஸ். பாட்டில் இல்ல.”

“கஞ்சப் பிசுநாறி” என்றாள் அம்மாவிடம், நான் அங்கே இல்லாத மாதிரி.

மேடத்திடம் சொன்னபோது, எந்தப் புத்தகத்தில் இருக்கிறது இது என்று கேட்டார். எதிலும் இல்லை என்றேன். இது சரியாக வரும் என்று எனக்கும் உறுதி கிடையாது. ஒரு வேளைச் சாப்பாடு ஒரு நாளாகலாம். ஒரு நாள் ஒரு வாரமாகலாம். அந்த நினைப்பில் இப்போதும் கரைக்கு நான் வேகமாகத்தான் நடக்கிறேன். அடுத்த ஆண்டு விருதுக்குப் பெயர் கொடுத்துவிட்டேன். இந்த முறை மேடம் அனுப்பவில்லை, நானே அனுப்பினேன். ஒவ்வொரு முறிப்புக்கும் மறுநாள் எடுக்கும் அளவுகளைத்தான் காட்டுவேன் என்று அதிலேயே எழுதியிருக்கிறேன்.

முதல் முறிப்பு போன ஞாயிற்றுக்கிழமை நடந்தது. நண்டுக் குழம்போடு நானும் உட்கார்ந்து சாப்பிட்டேன். திங்கள் விடியலில், அவர்கள் தண்ணீரில் இறங்கும் முன்பே சர்க்கரை பார்க்கிற மெஷினோடு கரையில் நின்றேன். டீக்கடையில் பால் பொங்கிக்கொண்டிருந்தது. அத்தை முதல் ஆளாக வந்தாள். பறியை ஏற்கெனவே பல்லில் கடித்திருந்ததால் அவளால் பேச முடியவில்லை. விரலை மட்டும் நீட்டினாள். குத்தி, அளவைப் பார்த்து அவளிடம் காட்டிவிட்டு, அவளுக்குப் பின்னால் நின்ற அம்மாவின் கையைப் பிடித்தேன்.